டியூட்டி முடிந்த பிறகு நடுத்தெருவில் ஒரு நர்ஸ்

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 26. நான்கு வருடமாக மெடிக்கல் வார்டில் வேலை. சென்ற மாதம் நைட் டியூட்டி முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஐம்பது வயது இருக்கும். கை கால் லேசாக உதறியதால் வலிப்பு என்று சொல்லி யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். இன்னொருவர் நாக்குக்கு அடியில் நெஞ்சுவலிக்கான சார்பிட்ரேட் மாத்திரையை வைத்தார். நான் போய்ப் பார்த்தபோது விட்டு விட்டு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் பல்ஸ் தேடினேன், கிடைக்கவில்லை, மறுபடியும் தேடினேன். பிறகுதான் நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் நறுக்கென்று சத்தம். கூட்டத்தில் ஒருவர் ‘எலும்பை உடைச்சிட்டியேம்மா’ என்றதும் கை நின்றுவிட்டது. பிறகு மறுபடி தொடர்ந்தேன். 108 வரப் பதினாறு நிமிடம் ஆயிற்று. ஜி.எச்.சில் அவர் இறந்துவிட்டாராம். போலீஸ்காரர் என் பெயரையும் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார். ‘ஆஸ்பத்திரிக்கு வெளியே இதெல்லாம் உனக்கு எதுக்கு, கேஸ் ஆச்சுன்னா ரிஜிஸ்ட்ரேஷனே போயிடும்’ என்கிறார் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். இறந்தவரின் தம்பி இரண்டு முறை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. நான் செய்தது தவறா? இனி இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்ய வேண்டும்? சட்டம் என்னைக் காப்பாற்றுமா?
— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த நறுக் சத்தம்தான் என்று கடிதம் சொல்கிறது. அதையே முதலில் பார்த்துவிடுவோம். பெரியவர்களுக்கு சி.பி.ஆர். செய்யும்போது மார்பு 5 சென்டிமீட்டராவது அமுங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. ஐம்பது வயதுக்காரரின் விலா எலும்புகளும், அவை நெஞ்செலும்போடு சேரும் குருத்தெலும்பும் இளம் வயதுபோல வளைந்து கொடுக்காது. சரியான ஆழத்துக்கு அழுத்தினாலே பலருக்கு விலாவில் விரிசல் விழும், சிலருக்கு முறியும். முறிந்த விலா சில வாரங்களில் கூடிவிடும். இதயம் நின்று நான்கைந்து நிமிடம் ரத்தம் ஓடாவிட்டால் மூளையில் ஏற்படும் சேதத்தைத் திரும்பப் பெற முடியாது. சத்தம் கேட்டதும் கை நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், மார்பின் நடுவில்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்க்கலாம். ஓரமாக நகர்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அடி நுனிவரை கை இறங்கியிருந்தால் மேலே ஏற்ற வேண்டும், ஏனென்றால் அந்த நுனிக்குப் பின்னால் கல்லீரல் இருக்கிறது. கை நகர்ந்தாலும் அழுத்துவது நிற்கக் கூடாது.

உங்கள் தவறு எலும்பில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கிறது. வார்டில் வேலை செய்கிற நல்ல நர்ஸுகளே அதிகம் சறுக்கும் இடம் அது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

விட்டு விட்டு இழுத்த அந்த மூச்சு மூச்சே அல்ல. மீன் வாய் திறப்பதுபோல, குறட்டைபோல, சில நொடிக்கு ஒருமுறை தாடை மட்டும் அசையும் அந்த ‘காஸ்பிங்’ இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் வருவது. மூளைத்தண்டின் கடைசி இழுப்பு அது. ‘மூச்சு இருக்குப்பா’ என்று கூட்டம் நிம்மதியடைவது இதைப் பார்த்துத்தான். கை கால் உதறியதும் இதே கதை. மூளைக்கு ரத்தம் நின்ற உடனே சில நொடிகளுக்கு வலிப்பு மாதிரியே உதறல் வரும். உண்மையான வலிப்பில் ஆரம்பத்தில் உடம்பு விறைத்து, பிறகு இரண்டு பக்கமும் சீராக வெட்டி, அது முடிந்ததும் மூச்சு ஆழமாகத் திரும்பும். உதறல் அடங்கிய பிறகும் மூச்சு சீராக வராதவரை இதயம் நின்றவராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பல்ஸ். வார்டில் மணிக்கட்டைத் தொட்டே பழகிய கை தெருவிலும் அங்கேதான் போகும். ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் மணிக்கட்டில் துடிப்பு கிடைக்காது. கழுத்தில், குரல்வளைக்கு ஓரமாக, நீங்கள் இருக்கும் பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பத்து நொடிக்கு மேல் கிடையாது. தட்டி, கூப்பிட்டும் அசைவில்லை, சாதாரண மூச்சு இல்லை, பத்து நொடியில் துடிப்பு உறுதியாகக் கைக்குப் படவில்லை என்றால் அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். துடிப்பு இருப்பவருக்குத் தவறாக சில அழுத்தங்கள் கொடுப்பதால் பெரிய கெடுதல் வராது. துடிப்பு இல்லாதவருக்குத் தேடிக்கொண்டே இருப்பதால் வரும். சி.பி.ஆரும் இதயத்துக்குக் கொடுக்கும் மின் ஷாக்கும் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த மனிதர் அதனால்தான் இறந்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. பதினாறு நிமிடம் ஷாக் கிடைக்காமல் கிடந்தவரை வார்டின் முழு டீமும் மீட்க முடியாமல் போயிருக்கலாம். அடுத்த முறைக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்த முறை எப்படி? வார்டில் ஒரு பட்டனை அழுத்தினால் நான்கு பேர் வருவார்கள். தெருவில் நாற்பது பேர் இருப்பார்கள், ஒருவர்கூட வர மாட்டார்கள். ஆகவே முதல் வேலை உங்கள் வாய்க்குத்தான். ‘யாராவது 108-க்கு போடுங்க’ என்றால் ஒருவரும் போட மாட்டார்கள், அல்லது ஏழு பேர் ஒரே நேரத்தில் போடுவார்கள். ஆளைச் சுட்ட வேண்டும். ‘நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. ஆளுக்கு மூச்சில்லை, சி.பி.ஆர். நடக்குதுன்னு சொல்லுங்க.’ மயக்கம் என்று சொல்வதற்கும் மூச்சில்லை, சி.பி.ஆர். நடக்கிறது என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. வண்டியில் வருபவர்கள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் என்றால் எந்த வாசல், எந்த ஊர் பஸ் நிற்கும் இடம் என்று சொல்லச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் கிலோமீட்டர் கல்லின் எண், அல்லது எந்த டோல்கேட் தாண்டி எத்தனை நிமிடம். இரண்டாவது ஆளை வாசலுக்கு அனுப்பி ஆம்புலன்ஸை உள்ளே கூட்டிவரச் சொல்லுங்கள். விமான நிலையம், பெரிய ரயில் நிலையம், மால், ஜிம் போன்ற இடமாக இருந்தால் மூன்றாவது ஆள், ஷாக் கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி இருக்கிறதா என்று செக்யூரிட்டியிடம் ஓட வேண்டும். சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டில் அதைத் தேடி நேரம் போக்காதீர்கள்.

பெஞ்சில், மெத்தை சீட்டில் வைத்து அழுத்தாதீர்கள். அழுத்தும் ஆழத்தில் ஒரு பகுதியை மெத்தை வாங்கிக்கொள்ளும். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, அவர் தோளுக்கு அருகே முட்டி போட்டு, உங்கள் தோள் உங்கள் கைக்கு நேர் மேலே வர, முழங்கை மடங்காமல் இடுப்பிலிருந்து அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுக்க மேலே வர வேண்டும். களைத்தவர்கள் மார்பின் மேலேயே சாய்ந்துகொள்வார்கள், அப்போது இதயத்தில் ரத்தம் நிரம்பாது.

எண்ணுவதில் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்பது வேகமாக வரும். பதினேழு, இருபத்தியெட்டு என்று போகும்போது சொல் நீளும், கையும் சொல்லோடு சேர்ந்து மெதுவாகும். ஒன்று முதல் பத்துவரை மூன்று தடவை எண்ணுங்கள். முப்பது அழுத்தம் 15 முதல் 18 நொடிக்குள் முடிய வேண்டும்.

மூச்சு ஊதுவதா வேண்டாமா? பெரியவர் ஒருவர் உங்கள் கண்ணெதிரே சட்டென்று விழுந்தால், முதல் சில நிமிடங்களுக்கு அழுத்தம் மட்டுமே போதும். அவர் ரத்தத்தில் அப்போதுதான் இழுத்த ஆக்ஸிஜன் இருக்கிறது. பையில் மாஸ்க் இருந்தால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மாஸ்க் இல்லை, மனம் வரவில்லை என்றால் அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் கிணற்றிலிருந்து தூக்கியவர், தூக்கு மாட்டி இறக்கியவர், குழந்தை, இந்த மூவருக்கும் பெரும்பாலும் மூச்சு நின்றதால்தான் இதயம் நின்றிருக்கும். அங்கே ஊதாமல் அழுத்துவது பாதி வைத்தியம். தண்ணீரிலிருந்து தூக்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க விடாதீர்கள். வருவது வயிற்றுத் தண்ணீர், அது நுரையீரலுக்குள் போகும்.

நைட் டியூட்டி முடித்த உடம்பு உங்களுடையது. இரண்டு நிமிடத்துக்கு மேல் சரியான ஆழம் யாருக்கும் நிற்காது, களைப்பு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும். ஆகவே அழுத்திக்கொண்டே ஆள் தேடுங்கள். ஆட்டோ டிரைவர், கண்டக்டர், லோடு ஏற்றுகிறவர் யாரானாலும் சரி. ‘என் கை இருக்குற இடத்தைப் பாருங்க. நான் மூணு சொன்னதும் நீங்க அழுத்தணும்.’ அவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருந்தால் ஐந்து நொடிக்குள் கை மாறலாம். அவர் அழுத்தும்போது ஆழத்தையும் வேகத்தையும் திருத்திக்கொண்டிருங்கள். பதினாறு நிமிடத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். அதில் கடைசிப் பத்து நிமிடம் எந்த ஆழத்தில் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஓடும் பஸ்ஸுக்குள் நடந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து கீழே இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் நடைபாதையில் கிடத்தி, அவர் தலைப்பக்கமாக முட்டி போட்டு அழுத்தலாம். ‘நேரா ஜி.எச்.சுக்கே விட்டுடறேன்’ என்று டிரைவர் அன்போடு கேட்பார். நெஞ்சுவலியோடு பேசிக்கொண்டிருப்பவருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் என்றால் அது நல்ல யோசனை. இதயம் நின்றவருக்கு அல்ல. பிரேக் போடும் வண்டியில் நின்றுகொண்டு யாராலும் சி.பி.ஆர். செய்ய முடியாது.

அவர் அசைந்தால், கண் திறந்தால், மூச்சு சீரானால் நிறுத்தலாம். ஆம்புலன்ஸில் வரும் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) கை மாற்றிக்கொண்டால் நிறுத்தலாம். உங்களால் இனி முடியாது என்றாலும் நிறுத்தலாம். ‘போயிடுச்சும்மா, விடு’ என்று யாராவது சொன்னால் அதற்குத் தலையாட்டாதீர்கள். இறப்பைச் சொல்லும் வேலை டாக்டருடையது.

இப்போது அந்த சார்பிட்ரேட். வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரைகளால் சட்டைப்பையில் அந்த மாத்திரையோடு நடப்பவர்கள் நிறைய. அது ரத்தக் குழாயை விரித்துப் பிரஷரை இறக்கும். ஏற்கெனவே பிரஷர் விழுந்தவருக்கும், இதயத்தின் வலது பக்கம் பாதித்த மாரடைப்புக்கும், ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை ஓரிரு நாளுக்குள் போட்டவருக்கும் அது ஆளையே சாய்த்துவிடும். நினைவில்லாதவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது என்பது தனி. உட்கார்ந்து பேசும் நிலையில் இருப்பவர், தன் டாக்டர் தனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டால் தடுக்க வேண்டாம். நீங்கள் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் வேறு கதை. நெஞ்சுவலியோடு நினைவாக இருக்கும் பெரியவர், அலர்ஜி இல்லை, அல்சர் ரத்தக்கசிவு இல்லை, வாய் கோணவில்லை, கை இழுக்கவில்லை என்றால் 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்குவது முதலுதவிப் பாடத்திலேயே இருப்பதுதான். விழுங்குவதைவிட மெல்லுவதில்தான் வேகம்.

தெருவில் அடிக்கடி நீங்கள் சந்திக்கப் போவது இதயம் நின்றவரை அல்ல, சர்க்கரை இறங்கியவரை. காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறியவர், வேர்த்து, உளறி, சில சமயம் குடித்தவர்போல வம்புக்குக்கூட வருவார். விழுங்க முடிகிறதா என்று பார்த்து மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது டயட் இல்லாத கலர் அரை டம்ளர். அது சுமார் 15 கிராம். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஒரு பன்னோ இட்லியோ சாப்பிட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கிளிமெப்பிரைடு வகை சர்க்கரை நோய் மாத்திரை போடுபவருக்கு சர்க்கரை பல மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். ‘சரியாயிடுச்சும்மா, கிளம்பறேன்’ என்பவரைத் தனியாக பஸ் ஏற்றிவிடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். நினைவில்லாதவர் வாயில் சர்க்கரையைக் கொட்டுவது மூச்சுக்குழாயில் பாகு ஊற்றுவதுதான்.

வலிப்பில் கையில் சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். பிடித்து அமுக்கவும் வேண்டாம். தலைக்கடியில் துண்டு, சுற்றிலும் இடம், போனில் நேரம். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

சாலை விபத்தில் வரிசை வேறு. நீங்கள் இரண்டாவது பலியாகாமல் இருப்பது முதலில். பின்னால் வரும் வண்டிகளைத் தடுக்க ஒருவர், சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்த ஒருவர். பிறகு ரத்தம். பீறிட்டு வருகிற இடத்தில் துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் உடம்பு எடை முழுக்கப் போட்டு அழுத்துங்கள். பத்து நிமிடம் திறந்து பார்க்காதீர்கள். நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்தது பிய்ந்துபோகும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கை, காலில் அழுத்தியும் நிற்காவிட்டால் இறுக்கிக் கட்டலாம். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், மூன்று நான்கு விரல் அகலத்துக்கு மடித்த துப்பட்டாவைக் கட்டி, முடிச்சில் ஒரு உறுதியான கம்பைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலோ கையிலோ பேனாவால் எழுதுங்கள். மெல்லிய கயிறும் ஒயரும் நரம்பை அறுக்கும். அரைகுறையாக முறுக்கினால் ரத்தம் திரும்பும் வழி மட்டும் அடைந்து, ரத்தப்போக்கு கூடும். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள்.

ஹெல்மெட்டை, மூச்சு விடுகிறார் என்றால் அப்படியே விட்டு கண்ணாடியை மட்டும் தூக்குங்கள். மூச்சில்லை, வாந்தி, வாயில் ரத்தம் என்றால் கழற்றியே ஆக வேண்டும். ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க, இன்னொருவர் பக்கவாட்டில் விரித்து மெதுவாக உருவ வேண்டும். அடிபட்டவரை மடக்கி ஆட்டோவில் திணிப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் நம் ஊர் அன்பின் இரண்டு ஆபத்தான வடிவங்கள். தடுக்கும்போது அதட்டாமல், அவர்களுக்கு வேறு வேலை கொடுத்துவிடுங்கள்.

இனி சட்டம். இதில் பாதித் தகவல்தான் ஊரில் சுற்றுகிறது. உதவியவரைத் தொடக் கூடாது என்று எல்லோரும் சொல்வது மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 134-ஏ பிரிவு. எதையும் எதிர்பாராமல், நல்லெண்ணத்தோடு உதவியவரின் கவனக்குறைவால் அடிபட்டவருக்குக் கூடுதல் காயமோ இறப்போ நேர்ந்தாலும் சிவில், கிரிமினல் வழக்கு இல்லை என்கிறது அது. பெயர், முகவரி சொல்லும்படி போலீஸோ மருத்துவமனையோ வற்புறுத்தக் கூடாது என்பதும் அதன் கீழான விதிகளில் இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலிமை கொடுத்த பிறகு வந்தவை இவை. ஆனால் இது வாகன விபத்துக்கு மட்டும். டீக்கடை பெஞ்சிலிருந்து சரிந்தவருக்குப் பொருந்தாது. இதையே நம்பிப் பேசினால், விவரம் தெரிந்தவர் ஒரே கேள்வியில் உங்களைக் கலங்கடித்துவிடுவார்.

உங்களுக்குப் பொருந்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92 என்று இருந்தது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவருக்காகச் சம்மதம் தரக்கூடியவரைத் தேடப் போதிய நேரமும் இல்லாதபோது, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததில் தீங்கு நேர்ந்தால் அது குற்றமாகாது என்பது அதன் சாரம். நல்லெண்ணம் என்பதற்குச் சட்டத்தில் மனசு நல்லது என்று மட்டும் பொருள் இல்லை. உரிய கவனத்தோடு செய்திருக்க வேண்டும். படித்த, பயிற்சி பெற்ற, உங்கள் தகுதிக்கு உட்பட்ட வேலையைச் செய்தால் கவனம் இருக்கிறது என்று காட்ட முடியும். பேனாவால் தொண்டையில் துளை போடுவது, பையிலிருந்து ஆம்பூலை உடைத்து ஊசி போடுவது போன்றவற்றுக்குள் இறங்கினால் காட்ட முடியாது. மருத்துவக் கவனக்குறைவைக் கிரிமினல் குற்றமாக்க அது மிக மோசமான கவனக்குறைவாக இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது டாக்டர் ஒருவர் விஷயத்தில்தான். ஆனாலும் சி.பி.ஆரில் விலா முறிவது அந்த அளவுகோலுக்குப் பக்கத்தில்கூட வராது.

நினைவோடு இருப்பவரிடம் ‘நான் நர்ஸ், தொட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் பக்கத்தில் நின்று 108-ஐக் கூப்பிடலாம், அவ்வளவுதான். கூட்டம் உங்களை ‘டாக்டரம்மா’ ஆக்கினால் உடனே திருத்துங்கள்.

போலீஸ்காரர் பெயர் எழுதியது உங்கள் மேல் கேஸ் என்பதால் அல்ல. பொது இடத்தில் திடீர் இறப்பு நடந்தால் காரணம் தெரியும்வரை விசாரணை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி பழைய ஆட்கள் ‘174’ என்பார்கள், இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 194. அதில் நீங்கள் நேரில் பார்த்த சாட்சி. பெண் சாட்சியை அவர் வசிக்கும் இடம் தவிர வேறு எங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அதே சட்டத்தின் 179-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனுக்கு வா என்றால் ‘வீட்டுக்கு வாங்க சார், சொல்றேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். விசாரணையில் போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

ரிஜிஸ்ட்ரேஷன் போகும் என்ற இன்சார்ஜ் சிஸ்டரின் பயம் புரிகிறது, காரணம் இல்லை. இதற்காக நர்ஸிங் கவுன்சில் ஒருவரை நீக்க, நீங்கள் தொழில் ஒழுக்கத்தை மீறியதாக நிரூபணம் வேண்டும். அவர் சொன்னதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருத்துவமனை எடுத்து வைத்திருக்கும் காப்பீடு பொதுவாக டியூட்டிக்கு மட்டும்தான். நீங்களே தனியாக இண்டெம்னிட்டி பாலிசி (தொழில் தவறு வழக்குகளுக்கான காப்பீடு) எடுத்தால், பணி நேரத்துக்கு வெளியே அவசர உதவி செய்ததையும் அது ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஆரம்பித்த பிறகு, தகுதியான ஒருவர் கையில் ஒப்படைக்கும்வரை நடுவில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

பையில் என்ன வைக்கலாம்? ஜிப் கவரில் இரண்டு ஜோடி நைட்ரைல் கையுறை, ஒருவழி வால்வு உள்ள பாக்கெட் மாஸ்க், 10 சென்டிமீட்டர் கிரேப் பேண்டேஜ், நான்கைந்து காஸ் பேட், மழுங்கிய முனை கத்தரிக்கோல், மார்க்கர் பேனா, குளுக்கோஸ் பாக்கெட். கையுறை இல்லாத நாளில் பாலித்தீன் கவரில் கையை நுழைத்துக்கொள்ளலாம். அட்ரினலின், அவில், டெரிஃபிலின் போன்ற ஊசி மருந்துகள், சிரிஞ்சு எதுவும் வேண்டாம். வார்டு ஸ்டாக்கிலிருந்து வந்த ஒரு ஆம்பூல் பையில் இருந்தால், அதுவரை சாட்சியாக இருந்த நீங்கள் அதன் பிறகு வேறு ஆள்.

ரத்தம் கண்ணிலோ, வாயிலோ, தோல் வெட்டிலோ பட்டால் தோலை சோப்புத் தண்ணீராலும், கண்ணை வெறும் தண்ணீராலும் கழுவிவிட்டு நேராக ஜி.எச். கேஷுவால்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டிருக்கிறீர்களா, அதன் பிறகு எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்தீர்களா என்பதை இன்றே கார்டை எடுத்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் இ.எம்.டி.யிடம் நான்கு வரி போதும். எத்தனை மணிக்கு விழுந்தார், யார் பார்த்தது, எத்தனை மணிக்கு அழுத்த ஆரம்பித்தோம், வாயில் யார் என்ன வைத்தார்கள். சார்பிட்ரேட்டை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். பர்ஸ், போன், நகையை இன்னொருவர் பார்க்க எண்ணி இ.எம்.டி.யிடமோ போலீஸிடமோ கொடுங்கள், உங்கள் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றிரவே தேதி, நேரம் போட்டு ஒரு தாளில் பார்த்ததை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டாலும் நீங்கள் அதை இன்றைக்கு எழுதலாம், இன்றைய தேதியைப் போட்டு. பழைய தேதி போடாதீர்கள். நர்ஸுகள் குரூப்பில் போட்டோவோ விவரமோ போட வேண்டாம். தூக்கமே வராமல் அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலிமானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, அந்தத் தம்பி. போனை எடுங்கள். இப்படிக் கூப்பிடுபவர்கள் பெரும்பாலும் சண்டைக்காக அல்ல, அண்ணனின் கடைசி நிமிடங்களில் பக்கத்தில் இருந்த ஒரே ஆள் நீங்கள் என்பதால் கூப்பிடுகிறார்கள். என்ன காரணத்தால் இறந்தார் என்று ஊகிக்காதீர்கள், முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம் என்றும் சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது. பார்த்ததைச் சொல்லுங்கள். ‘விழுந்த உடனே நினைவு போயிடுச்சுங்க. கூப்பிட்டேன், பதில் இல்லை. 108 வர்ற வரைக்கும் நெஞ்சை அழுத்திட்டே இருந்தோம். அவரைத் தனியா விடலைங்க.’ வலி தெரிந்திருக்குமா என்று கேட்பார், அநேகமாக எல்லோரும் கேட்பார்கள். இதயம் நின்ற சில நொடிகளிலேயே நினைவு போய்விடும், அதன் பிறகு வலி தெரியாது என்று சொல்லலாம், அது உண்மைதான்.